'டி'யில் நடுங்கும் இன்ஜின்: பழைய ஆட்டோமேட்டிக் கார்களின் ஐட்லிங் கோளாறும் அதற்குச் சொல்லப்படும் காரணங்களும்

சிக்னலில் வண்டி நிற்கிறது. கியர் 'டி'யில், கால் பிரேக்கில். ஸ்டீயரிங் கையில் அதிர்கிறது. ஆர்பிஎம் முள் 700ஐ விட்டு 500ஐ நோக்கி இறங்கி, அணையப்போகிற நேரத்தில் மறுபடி ஏறுகிறது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளினால் பாதி நடுக்கம் போய்விடுகிறது. பதினைந்து, இருபது வருடம் ஓடிய ஆட்டோமேட்டிக் கார்களைப் பற்றிப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் முறையீடு இது.

காரணம் என்ன என்று கேட்டால் பதில்களுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் பிளக்கை மாற்றச் சொல்வார், இன்னொருவர் த்ராட்டில் பாடியைக் கழுவச் சொல்வார். ஸ்கேனரைப் போடாமல் எதுவும் பேச முடியாது என்பார் மூன்றாமவர். இன்ஜின் மவுண்டிங் போய்விட்டது என்று பானட்டைத் திறக்காமலே சொல்கிறவர்களும் உண்டு. இவை எதுவும் மூடத்தனம் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு காலத்து வண்டிக்கும் அந்தக் காலத்தில் கையில் இருந்த கருவிக்கும் பொருந்திய விடைதான். வண்டி மாறிய பிறகும் விடை மாறாமல் இருப்பதுதான் தொல்லை. அதிலும் 'டி'க்கும் நியூட்ரலுக்கும் உள்ள வித்தியாசம் என்ற முதல் தடயத்தை இந்த விடைகளில் பெரும்பாலானவை போதிய அளவு பொருட்படுத்துவதில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

ஐட்லிங்கில் கையிருப்பு இல்லை

நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 700 முறை சுற்றும்போது 1,400 தடவை எரிபொருள் எரிகிறது. நொடிக்குச் சுமார் 23. ஒரு சிலிண்டர் முழுதாகச் செத்துவிட்டால் நொடிக்கு ஆறு தடவை ஓர் ஓட்டை விழும். 'டுப், டுப்' என்று எண்ணக்கூடிய அந்த உதறல், மற்ற நடுக்கங்களிலிருந்து வேறுபட்டது. இருக்கையில் உட்கார்ந்தே இரண்டையும் பிரித்தறியலாம். இழையாக ஓடும் அதிர்வு என்றால் எல்லாச் சிலிண்டரும் வேலை செய்கின்றன, அதிர்வு உடலுக்குக் கடத்தப்படுகிறது என்று கொள்ளலாம். குதித்துக் குதித்து வந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது.

நெடுஞ்சாலையில் 2,500 சுற்றில் ஓடும்போது இன்ஜினுக்கு உபரி வலு நிறைய இருக்கும். சின்னக் காற்றுக்கசிவோ கொஞ்சம் தளர்ந்த காயிலோ அங்கே தெரியாது. ஐட்லிங்கில் இன்ஜின் தன் உராய்வையும் ஆல்டர்னேட்டர், ஏசி போன்ற துணைச் சுமைகளையும் மட்டும் சமாளிக்கும் அளவுக்கே எரிக்கிறது. அதனால் எந்தக் குறையும் முதலில் அங்கேதான் தலைகாட்டும். ஒரே அறிகுறிக்கு இத்தனை காரணங்கள் சொல்லப்படுவதன் வேர் இதுவே.

காதும் வேக்குவம் மீட்டரும்

மிகப் பழைய மரபு கார்புரேட்டர் காலத்தினுடையது. ஒரு ஸ்க்ரூ ஐட்லிங் வேகத்துக்கு, இன்னொன்று கலவைக்கு. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங், பாயிண்ட் இடைவெளிக்கு ஃபீலர் கேஜ். காது பழகிய மெக்கானிக் கலவை ஸ்க்ரூவைத் திருப்பிக்கொண்டே வந்து, இன்ஜின் ஓசை நேராகும் இடத்தில் நிறுத்துவார்.

இந்த மரபின் உண்மையான அறிவு வேக்குவம் மீட்டரில் இருந்தது என்பது என் எண்ணம். இன்று அதை அநேகமாக மறந்துவிட்டார்கள். கடல்மட்டத்தில், நல்ல நிலையில் உள்ள இன்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை அசையாமல் காட்டும். முள் தாழ்வாகவும் நிலையாகவும் நின்றால் டைமிங் பிந்தியிருக்கலாம், அல்லது எங்கோ காற்று உள்ளே இழுக்கப்படலாம். சீரான இடைவெளியில் ஒரே அளவு துடித்து விழுந்தால் ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை என்ற சந்தேகம் வலுக்கும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும் என்பதால், 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் ஒரு நல்ல இன்ஜின்கூட சென்னையில் காட்டுவதைவிட ஏழு அங்குலம் குறைவாகக் காட்டும். இதை அறியாமல் மலையில் இல்லாத கோளாறைத் தேடியவர்கள் இருக்கலாம்.

சைலன்சர் வாயில் ஒரு தாளைப் பிடித்துப் பார்ப்பதும் இதே காலத்துப் பழக்கம். தாள் சீராக வெளியே தள்ளப்பட வேண்டும். இடையிடையே உள்ளே இழுக்கப்பட்டால் எக்ஸாஸ்ட் வால்வைச் சந்தேகிப்பார்கள். எளிய சோதனை, இன்றும் செல்லும்.

இந்த மரபின் பலவீனம் அதன் வைத்தியத்தில் இருந்தது. ஐட்லிங் இறங்கினால் "ஸ்லோவை ஏத்தி விடு" என்பதே வழக்கமான முடிவு. மேனுவல் வண்டியில் அதனால் பெரிய கேடில்லை. ஆட்டோமேட்டிக்கில் அப்படியல்ல, ஏன் என்பது கியர்பாக்ஸைப் பற்றிப் பேசும்போது தெளிவாகும்.

காற்றைத் துரத்தியவர்கள்

1967இல் வோக்ஸ்வாகன் 1600 காரில் போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் வந்தபோது, கலவையைத் தீர்மானிக்கும் வேலை ஸ்க்ரூவிடமிருந்து மின்னணுப் பெட்டிக்குப் போனது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஐட்லிங் வேகமும் அந்தப் பெட்டியின் கைக்குப் போயிற்று. மூடிய த்ராட்டிலைச் சுற்றிக்கொண்டு போகும் சிறு காற்றுவழி, அதைத் திறந்து மூடும் ஐட்லிங் வால்வு, அதற்கு உத்தரவிடும் இசியூ. இதிலிருந்து பிறந்ததுதான் இரண்டாவது பதில்: கோளாறு காற்றில் இருக்கிறது. த்ராட்டிலில் படிந்த கரியும் ஒட்டிக்கொண்ட ஐட்லிங் வால்வும் காற்றைக் குறைக்கும். வெடித்த ஹோஸ் கணக்கில் வராத காற்றை உள்ளே விடும். திறந்தே நின்றுவிட்ட பிசிவி வால்வும் மூடாத இஜிஆர் வால்வும் இதே பட்டியலில் வரும்.

இந்தப் பதில் பெரும்பாலும் சரி. 1990களின் ஜப்பானியக் கார்களில் த்ராட்டில் பாடியையும் ஐட்லிங் வால்வையும் கழுவியே பல நடுக்கங்கள் தீர்ந்திருக்கின்றன. ஆனாலும் இரண்டு இடங்களில் இது வழிதவறுகிறது.

முதலாவது, காற்றுக்கசிவு எல்லா வண்டியிலும் ஒரே அறிகுறியைத் தராது. உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் உள்ள இன்ஜினில், சென்சாருக்குப் பின்னால் நுழையும் காற்று கணக்கில் வராது. கலவை மெலிந்து இன்ஜின் தள்ளாடும், ஐட்லிங் தாழும். மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடும் எம்ஏபி சென்சார் வண்டியில், கசிந்து வந்த காற்றும் அழுத்தமாக அளக்கப்பட்டுவிடும். அதற்கேற்ற பெட்ரோலும் சேரும். விளைவு, ஐட்லிங் தாழ்வதற்குப் பதில் ஏறும், அல்லது ஏறியிறங்கி ஊசலாடும். எம்ஏபி வண்டியில் ஐட்லிங் தாழ்ந்து நடுங்கினால் பெரிய காற்றுக்கசிவுதான் முதல் சந்தேகம் என்று சொல்வது தர்க்கத்துக்கு ஒத்துவராது. எந்தச் சென்சார் என்று பார்க்காமல் ஹோஸ்களை மாற்றிக்கொண்டே போகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். கசிவைத் தேட இணைப்புகள் மீது ஸ்ப்ரே அடித்துப் பார்ப்பதும் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் தீவிபத்தை அழைக்கும் வேலை. புகையைச் செலுத்திப் பார்க்கும் கருவி இருக்கும்போது அதற்கு அவசியமில்லை.

இரண்டாவது, இசியூ கற்றுக்கொள்கிறது. த்ராட்டிலில் ஆண்டுக்கணக்கில் கரி படியப் படிய, அது ஐட்லிங் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் திறந்து ஈடுகட்டிக்கொண்டே வருகிறது. ஒருநாள் பேட்டரி மாற்றுகிறார்கள். பல வண்டிகளில் கற்ற கணக்கு அதோடு அழிந்துவிடும். காலையில் நன்றாக ஓடிய வண்டி மாலையில் 'டி'யில் அணைகிறது. பேட்டரியையும் அதை மாட்டியவரையும் குறை சொல்வார்கள். உண்மையில் பழைய கரி அன்றுதான் வெளியே தெரிந்தது.

வால்வைக் குற்றவாளியாக்கி நிறுத்திக்கொள்வதும் ஆபத்து. 1990களின் தொடக்கத்து மிட்சுபிஷி இன்ஜின்களில் ஐட்லிங்கைக் கட்டுப்படுத்திய ஸ்டெப்பர் மோட்டாரின் சுருள் உள்ளே ஷார்ட் ஆகி, அதை இயக்கும் இசியூவின் சில்லையே எரித்துவிடும். மின்தடையை அளந்து பார்க்காமல் புது மோட்டாரை மட்டும் மாட்டினால் அது அசையாது. எரிந்த இசியூவை மட்டும் மாற்றினால் பழைய மோட்டார் புதியதையும் எரிக்கும்.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து ஓபிடி-2 என்ற சுயகண்காணிப்பு முறை கட்டாயமானது. இந்தியாவில் இத்தகைய கண்காணிப்பு 2010க்குப் பிறகு படிப்படியாக வந்தது. மூன்றாவது பதிலின் பிறப்பிடம் ஸ்கேனரைச் செருகும் அந்தச் சாக்கெட். பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மிஸ். பி0301 முதலாவது சிலிண்டரில். பி0171 கலவை மெலிவு. பி0506 ஐட்லிங் வேகம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

கடைசியாகச் சொன்ன கோடு இந்த முறையின் வலிமையையும் வரம்பையும் ஒருசேரக் காட்டுகிறது. ஓட்டுநர் சொன்னதையே அது எண்ணாக மாற்றித் திருப்பிச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. இசியூ தான் அளக்கும் விளைவைத்தான் பதிவு செய்யும். பி0171 வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது, செய்தி கொண்டுவந்தவனைத் தண்டிப்பதற்குச் சமம்.

ஸ்கேனரின் பெருமதிப்பு கோடுகளில் இல்லை, ஓடும் எண்களில் இருக்கிறது. ஐட்லிங்கில் ஃப்யூவல் ட்ரிம் 15 அல்லது 20 விழுக்காடு கூடுதலாக இருந்து, 2,500 சுற்றில் இயல்புக்குத் திரும்பினால் காற்றுக்கசிவு. அதற்கு மாறாக, வேகம் ஏற ஏற ட்ரிமும் ஏறினால் பெட்ரோல் வரத்தில் குறை: ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர். கூலன்ட் வெப்பமானி இன்ஜின் சூடான பிறகும் குளிர்ந்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தால் இன்ஜின் கூடுதல் பெட்ரோலில் மூழ்கித் தடுமாறும். இந்த வாசிப்பு ஒரு நிமிட வேலை. கோடு இல்லை என்பதால் 'வண்டியில் ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுகிறவர்கள் அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாதவர்கள். மிஸ்ஸைக் கண்டறியும் முறையும் கிராங்க் தண்டின் வேக ஏற்ற இறக்கத்தை 200 அல்லது 1,000 சுற்றுகளுக்குக் கூட்டிப் பார்த்து வரம்பு தாண்டினால்தான் விளக்கைப் போடும். வரம்புக்குள் அடங்கிய நடுக்கம் ஓட்டுநரின் முதுகுக்குத் தெரியும், விளக்குக்குத் தெரியாது.

கியர்பாக்ஸும் ஒரு சுமை

மேற்சொன்ன மூன்று மரபுகளும் இன்ஜினைத் தனித்து நிற்கும் பொருளாகப் பார்க்கின்றன. டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கில் அது தனித்து நிற்பதில்லை. 'டி'யில் வண்டி நிற்கும்போது கன்வெர்ட்டரின் டர்பைன் அசையாமல் நிற்க, பம்ப் பக்கம் இன்ஜினோடு சுற்றுகிறது. இன்ஜின் எண்ணெயைக் கடைந்துகொண்டே நிற்கிறது என்று சொல்லலாம். பிரேக்கை விட்டால் வண்டி தானாக ஊர்வது அந்தக் கடைசலின் பலன்தான்.

டர்பைன் நிற்கும் நிலையில் இந்த இழுவை, வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஐட்லிங்கை 650லிருந்து 800க்கு ஏற்றினால் இன்ஜின் மீதான இழுவை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். கியர் விழும்போது 'டக்' என்று உதைக்கும், பிரேக்கை இன்னும் அழுத்திப் பிடிக்க வேண்டிவரும், எண்ணெய் கூடுதலாகச் சூடேறும். ஸ்லோவை ஏற்றிவிடுவது ஆட்டோமேட்டிக்குக்கு ஏன் நல்ல வைத்தியம் அல்ல என்பதற்கு இதுவே காரணம். அடிப்படைக் கோளாறை அது மூடி மறைத்துவிடுவது வேறு.

'டி'யில் மட்டும் ஐட்லிங் தாழ்கிறது என்ற தடயம் உடனே கியர்பாக்ஸைக் குற்றம் சாட்டுவதில்லை. பெரும்பாலும் அது சொல்வது, இன்ஜினிடம் அந்தச் சுமையைத் தாங்கும் வலு இல்லை என்பதையே. அந்த வலுவைத் தரவேண்டிய ஏற்பாடுகளில் ஒன்று கியர் நிலையைச் சொல்லும் ஸ்விட்ச். கியர் விழுந்ததென்று அது இசியூவுக்குச் சொல்ல வேண்டும். இசியூ உடனே காற்றைக் கூட்டிக் கொடுக்கும். தேய்ந்த ஸ்விட்ச் 'இன்னும் நியூட்ரல்தான்' என்று சொல்லிக்கொண்டிருந்தால், சுமை விழுந்த பிறகே இசியூ விழித்துக்கொள்ளும். குறைந்த செலவில் முடிகிற இதுபோன்ற வேலையைப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்குவது வீண்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு குழப்பம் இருக்கிறது. 'டி'யில் நிற்கும் வண்டியில் கால் எப்போதும் பிரேக்கில் இருக்கும். பிரேக் பூஸ்டரின் டயாஃப்ரம் கிழிந்திருந்தால், பெடலை அழுத்தும்போதெல்லாம் மேனிஃபோல்டுக்குள் காற்று போகும், இன்ஜின் நடுங்கும். ஓட்டுநருக்கு அது 'டி' போட்டதால் வந்த நடுக்கமாகவே படும். நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, பெடலை மட்டும் பலமுறை அழுத்திப் பார்த்தால் இரண்டும் பிரிந்துவிடும். எந்தக் கருவியும் வேண்டாம்.

1980கள் வரையிலான பல கியர்பாக்ஸ்களில் இன்ஜின் வேக்குவத்தால் இயங்கும் மாடுலேட்டர் ஒன்று இருந்தது. அதன் டயாஃப்ரம் கிழிந்தால் கியர் ஆயில் மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சப்பட்டு எரியும். இன்ஜின் மிஸ் அடிக்கும், வெள்ளைப் புகை வரும், தரையில் ஒரு சொட்டும் இல்லாமல் கியர் ஆயில் குறைந்துகொண்டே போகும். வேக்குவம் ஹோஸைக் கழற்றி, உள்ளே சிவப்பு எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாலே போதும். கன்வெர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் விடுபடாமல் ஒட்டிக்கொள்வது வேறு வகை. 1980களின் ஜெனரல் மோட்டார்ஸ் முன்சக்கர இயக்கக் கார்களில் வந்த 125சி கியர்பாக்ஸில் லாக்-அப் சொலினாய்டு ஒட்டிக்கொள்வது பரவலாக அறியப்பட்ட நோய். நெடுஞ்சாலையில் ஓடி வந்து நிற்கும்போது, கிளட்ச் மிதிக்காமல் மேனுவல் வண்டியை நிறுத்தியதுபோல இன்ஜின் உதறி அணையும். இது நிற்கும் கணத்தில் வரும் நோய். நின்றபின் நீடிக்கும் நடுக்கத்துக்கு இதைக் காரணமாக்க முடியாது.

மவுண்டிங் வாதத்தையும் இங்கேதான் வைக்க வேண்டும். 'டி'யில் கன்வெர்ட்டர் இழுவை இன்ஜினை ஒருபக்கம் முறுக்கி மவுண்டிங் மேல் சாய்க்கிறது. ரப்பர் இறுகிய மவுண்டிங் அந்த நிலையில் அதிர்வை அப்படியே பாடிக்குக் கடத்தும். 1990களின் ஹோண்டா அக்கார்டு ஆட்டோமேட்டிக்கில் ஐட்லிங் நேரத்தில் மட்டும் இளகும்படி வேக்குவத்தால் கட்டுப்படுத்தப்பட்ட மவுண்டிங்கையே வைத்தார்கள். அதற்குப் போகும் ஹோஸ் கழன்றாலும் 'இன்ஜின் நடுங்குகிறது' என்றுதான் முறையீடு வரும். பிரித்தறிவது எளிது: ஆர்பிஎம் முள் அசையாமல் உரிய இடத்தில் நின்று, உடல் மட்டும் அதிர்ந்தால் மவுண்டிங். முள்ளும் சேர்ந்து தாழ்ந்தால் மவுண்டிங்கை மாற்றி அதிர்வை மறைக்கலாம், நோய் உள்ளேயே இருக்கும். 'ஆர்'இல் நடுக்கம் கூடுகிறதா குறைகிறதா என்பதும் பயனுள்ள துப்பு; முறுக்கு எதிர்த்திசையில் விழுவதால் வேறு மவுண்டிங் சுமை ஏற்கிறது. கியரில் வைத்துச் செய்யும் எந்தச் சோதனைக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியின் முன்னும் பின்னும் ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்வது கட்டாயம்.

இந்திய வாசகர்களுக்கு ஒரு திருத்தம். 2014இல் மாருதி செலேரியோவோடு பரவிய ஏஎம்டி வண்டிகளையும் நாம் ஆட்டோமேட்டிக் என்றே சொல்கிறோம். அவற்றில் கன்வெர்ட்டர் இல்லை. நிற்கும்போது கிளட்ச் விலகியிருக்கும். இந்தப் பகுதியின் தர்க்கத்தை அவற்றுக்கு நீட்டக் கூடாது. இலங்கையில் ஓடும் பழைய ஜப்பானியக் கார்களில் கணிசமானவை கன்வெர்ட்டர் வகை என்பதால் அங்கே இது நேரடியாகப் பொருந்தும்.

கம்ப்ரஷன்

இன்ஜினின் உள்ளுடல் தேய்ந்திருந்தால் வெளியே எதை மாற்றியும் பயனில்லை என்பது எல்லாத் தரப்பும் ஒத்துக்கொள்கிற ஒன்று. எரிந்த வால்வு, இறுகிய டேப்பெட், ஒரு பல் தாண்டிய டைமிங் பெல்ட். கம்ப்ரஷன் சோதனையும் அதைவிட நுட்பமான லீக்-டவுன் சோதனையும் இதைக் காட்டிவிடும். எப்போது செய்வது என்பதில்தான் பிணக்கு. ஒரு சிலிண்டர் திரும்பத் திரும்ப மிஸ் அடித்து, காயிலையும் பிளக்கையும் அடுத்த சிலிண்டருக்கு மாற்றியும் கோளாறு கூடவே நகரவில்லை என்றால், இன்ஜெக்டரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாமதிக்காமல் செய்துவிடுவது நல்லது.

எங்கிருந்து தொடங்குவது

மலிவானதிலிருந்து தொடங்கு என்பது ஒரு கட்சி. அதிகம் நிகழக்கூடியதிலிருந்து தொடங்கு என்பது இன்னொன்று. முதலாவதில் பிளக், ஏர் ஃபில்டர், கிளீனர் என்று சிறு செலவுகள் சேர்ந்து பெருஞ்செலவாகும். இரண்டாவது, மெக்கானிக் இதுவரை எந்த வண்டிகளைப் பார்த்தார் என்பதைப் பொறுத்தது. ஒரே கம்பெனி வண்டியைப் பார்த்துப் பழகியவருக்கு எல்லா நோயும் அந்தக் கம்பெனி நோயாகவே தெரியும்.

கோளாறை இரண்டாக வெட்டிக்கொண்டே போவதுதான் இவற்றைவிடத் தேறும் என்று தோன்றுகிறது. இன்ஜினை முழுதாகச் சூடாக்கி, நியூட்ரல், 'டி', 'ஆர்' மூன்றிலும், ஏசி போட்டும் அணைத்தும், நியூட்ரலில் பிரேக்கை அழுத்தியும் விட்டும், முள்ளின் இடத்தைக் காகிதத்தில் எழுதிக்கொள்வது. பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் லேபிளில் அந்த இன்ஜினுக்கான அளவு இருந்தால் அதோடு ஒப்பிடுவது. எல்லாச் சுமையிலும் சமமாகத் தாழ்ந்தால் இன்ஜினின் வலுக்குறைவு. ஒரு சுமையில் மட்டும் தாழ்ந்தால் அந்தச் சுமையோ, அதை இசியூவுக்குச் சொல்லும் ஸ்விட்சோ. தாழாமல் அதிர்ந்தால் மவுண்டிங். ஒரு பாகத்தைக்கூடக் கழற்றாமல் பாதி சந்தேகங்களை நீக்கிவிடலாம்.

இன்னும் தீராதவை

பழைய வண்டிகளில் ஒரே குற்றவாளி இருப்பது அரிது. சற்றே தேய்ந்த பிளக், சற்றே அடைத்த இன்ஜெக்டர், சற்றே கரி படிந்த த்ராட்டில், தனித்தனியே எதுவும் வரம்பைத் தாண்டாது. மூன்றும் கூடி 'டி'யில் இன்ஜினை விழவைக்கும். கடைசியாக எதைச் சரிசெய்தாரோ அதுவே காரணம் என்று மெக்கானிக் நினைவில் வைத்துக்கொள்வார். பட்டறை அனுபவத்திலிருந்து எடுக்கப்படும் 'பெரும்பாலும் இதுதான்' என்ற முடிவுகளை எந்த அளவு நம்பலாம் என்பது இதனால் திறந்தே இருக்கிறது.

பெட்ரோலில் ஊற்றும் இன்ஜெக்டர் கிளீனர்கள் பற்றியும் உறுதியான பொது முடிவு சொல்வது கடினம். பாலிஈத்தர் அமைன் வகை வேதிப்பொருள் படிவுகளைக் கரைக்கவல்லது என்பதில் ஐயமில்லை. ஒரு குறிப்பிட்ட வண்டியின் நடுக்கத்துக்குப் படிவுதான் காரணமா என்பதை, இன்ஜெக்டர்களைக் கழற்றி மேசைக்கருவியில் பாய்ச்சலை அளந்தால் தவிரச் சொல்ல முடியாது. அதைச் செய்கிறவருக்குக் கிளீனர் புட்டி தேவைப்படாது.

'நடுக்கம்' என்பதற்கே அளவு இல்லை. ஐட்லிங் வேகத்துக்குத் தயாரிப்பாளர் எண் கொடுக்கிறார். அதன் மென்மைக்கு உரிமையாளர் கையேட்டில் எண் கிடையாது. புது வண்டியில் எப்படி இருந்தது என்பது பெரும்பாலான உரிமையாளர்களுக்கு, அதிலும் இரண்டாம் மூன்றாம் கைக்கு வாங்கியவர்களுக்கு, தெரியாது.

கன்வெர்ட்டர் இழுவையும் அப்படியே. ஸ்டால் சோதனை முழு ஆக்சிலேட்டரில் கன்வெர்ட்டரும் கிளட்சுகளும் எப்படித் தாங்குகின்றன என்று சொல்லும். 650 சுற்றில், சூடான எண்ணெயில், நின்ற டர்பைனோடு இன்ஜின் எவ்வளவு இழுபடுகிறது என்று சொல்லாது. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் காலையில் இழுவை கூடும், சூடேறினால் குறையும் என்பது தெரிந்ததே. இருபது வருடப் பழைய கியர்பாக்ஸில் அது எவ்வளவு மாறியிருக்கிறது, மாறியதில் எவ்வளவு இன்ஜின் மீது விழுகிறது என்பதைத் தனியே பிரித்து அளக்கச் சாதாரணப் பட்டறையில் வழியில்லை. அந்த அளவீடு இல்லாதவரை, 'டி'யில் விழும் முள்ளைப் பார்த்து இன்ஜினின் பலவீனத்தையும் கியர்பாக்ஸின் பாரத்தையும் பிரித்துச் சொல்வது, மற்ற எல்லாவற்றையும் நீக்கிய பிறகு எஞ்சுவதை வைத்துச் செய்யும் ஊகமாகவே இருக்கும்.